மேட்டில் நின்றுபோகும் வண்டி

அத்தியாயம் 17

மூன்று நாட்களாக மருமகள் அந்த வீட்டில் பேசியவை மொத்தம் நான்கே வார்த்தைகள். இரண்டு "வேண்டாம்", ஒரு "சரி", ஒரு "தெரியும்". நான்கையும் மாமியாரின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

மாமியாரும் இறங்கி வருகிற ஆள் இல்லை. பேசாதவளிடம் தானும் பேசுவதில்லை என்று முடிவெடுத்து, அலமாரிக் கதவுகளைப் படார் படார் என்று சாத்தி, பாத்திரங்களை உருட்டி, தன் கோபத்தை வீடு முழுக்க ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள். மாமனார் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் வெளியூர் வேலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறான். அதுவரை இரண்டு பேரையும் விலக்கிவிட ஆள் கிடையாது.

இந்த அம்மாளை அந்தப் பகுதியில் எல்லாரும் பிரேக் மேடம் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பழகுகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, பக்கத்து இருக்கையில் மேடம் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் ஆசிரியருக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக் பெடல் இருக்கும். அந்த பெடலின் புண்ணியத்தில் அவள் வண்டி இதுவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அவள் வாய் இடித்தவர்களுக்குத்தான் கணக்கில்லை.

போன திங்கட்கிழமை அந்த வாய் மருமகளை இடித்தது. டிரைவிங் டெஸ்டில் மருமகள் இரண்டாவது முறையாகத் தோற்ற நாள் அது. இரண்டு முறையும் தோற்ற இடம் ஒன்றேதான். டெஸ்ட் மைதானத்தின் கோடியில் ஒரு மேடு இருக்கிறது. அதில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். மருமகள் நிறுத்தினாள். கிளப்பப் போனபோது எஞ்சின் நடுங்கியது, இருமியது, அணைந்துபோனது.

மேடத்துக்கு மானம் போய்விட்டது. சொந்த மருமகளுக்கே சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று ஊர் பேசாதா? ஒன்பது மாணவர்கள் நின்றிருக்க, நர்ஸ் வேலை பார்க்கிற மருமகளைப் பார்த்து அவள் கேட்டாள். "ஒரு கிளட்ச்சை நிதானமா விடத் தெரியல. உன் கையில எவன் உயிரைக் கொடுப்பான்?"

அன்றைக்கு மூடிய வாய்தான் மருமகளுக்கு.

இன்றைக்கு வியாழக்கிழமை. மாலை மூன்றரைக்கு மூன்றாவது டெஸ்ட். இதிலும் தோற்றால் ஆறு மாதம் அந்த மைதானத்தின் பக்கமே போக முடியாது. மருமகளால் ஆறு நாள்கூடப் பொறுக்க முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கிற வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி காரைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டிய வேலை. நான்கு வருடம் காத்திருந்து கிடைத்தது. நாளை மாலைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

காலை ஏழு மணிக்கு மேடம் வண்டிச் சாவியை எடுத்தாள். மேட்டில் கடைசியாக ஒரு முறை பழகிவிட்டு வரலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மருமகள் பதில் சொல்லாமல் போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள்.

முதல் சிக்னலிலேயே ஆரம்பித்தது. வண்டி நின்றதும் ஸ்டீயரிங் நடுங்கியது, கண்ணாடி நடுங்கியது, டாஷ்போர்டில் கிடந்த பேனா நடந்தே ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தது. இரண்டு மாதமாக இதே கதைதான். ஓடும்போது பட்டு மாதிரி ஓடும், நின்றால் வெடவெடக்கும். இதற்காக மூன்று முறை, ஒர்க் ஷாப் வைத்திருக்கிற தன் தம்பியிடம் கொண்டுபோய் விட்டாயிற்று. மூன்று முறையும் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தான்.

இரண்டாவது சிக்னலில் மேடத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. மேட்டுக்குப் போகிற பாதையை விட்டுவிட்டு வண்டியைத் தம்பியின் ஒர்க் ஷாப்புக்குத் திருப்பினாள்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம் அது. சுவரில் ஸ்பானர்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைப் பெயிண்டால் வரைந்து வைத்திருந்தான் தம்பி. எது காணாமல் போனாலும் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். அப்பேர்ப்பட்ட ஒழுங்குக்காரனிடம் போய், நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? மேடம் அதைத்தான் சொன்னாள். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே சொன்னாள்.

தம்பி கையிலிருந்த துணியை மேஜையில் அடித்தான். முதல் முறை வந்தபோது நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றியதைச் சொன்னான். அடுத்த முறை காயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்ததைச் சொன்னான். மூன்றாவது முறை த்ராட்டிலைக் கழற்றிக் கரி துடைத்தான். காற்றுக் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று ஸ்பிரே அடித்துப் பார்த்தான். எஞ்சின் சத்தம் இம்மியும் மாறவில்லை. கம்ப்யூட்டரை மாட்டியபோது, காற்று கொஞ்சம் அதிகம் என்று அது ஒரே ஒரு தடவை முனகியது. காத்திருந்து பார்த்தான். அப்புறம் அதுவும் கைவிரித்துவிட்டது.

"இதுக்கு மேல நான் என்ன, எஞ்சினுக்கு ஜோசியமா பார்க்கறது?"

சொன்னதோடு நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தான். வெளியே வந்து பானெட்டைத் திறந்தான். தான் குடித்துக்கொண்டிருந்த டீ டம்ளரை எஞ்சின் மூடியின் மேல் வைத்தான். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. டீயில் ஒரு வட்டம்கூடக் கிளம்பவில்லை.

"டீ ஆடுதா? நீயே பாரு."

"ரோட்டுல ஆடுது."

"அப்ப வண்டில ஒண்ணுமில்ல. ஓட்டுறவங்ககிட்டதான் கோளாறு."

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்று நாட்களில் மருமகள் முதல் முறையாகச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் மருந்துக்கும் இல்லை. தம்பி சொன்ன அதே வாக்கியத்தை மேடம் இரண்டு மாதமாகத் தன் மாணவர்களிடம் சொல்லிவந்தாள், ஒரு எழுத்து மாறாமல். மருமகளையும் சேர்த்து மேட்டில் தோற்ற பதினோரு பேரும் அதைக் கேட்டவர்கள்தான்.

சிரிப்பு மேடத்தைச் சுட்டது. கதவை வீசித் திறந்து தன் வழக்கமான இடத்தில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், பொத்தென்று உட்கார்ந்தாள். இது ஆடாமல் நான் இங்கிருந்து இறங்க மாட்டேன், சாயங்காலம் வரை ஆனாலும் சரி என்று அறிவித்தாள்.

உட்கார்ந்து மூச்சு விடவில்லை. எஞ்சின் குலுங்கியது. டம்ளர் தடதடவென்று நகர்ந்து சாய்ந்தது. சூடான எஞ்சின் மேல் டீ கொட்டி ஆவி வந்தது.

தம்பியின் முகத்தில் ஈ ஆடவில்லை. மேடத்துக்கோ ஜெயித்த சந்தோஷம். பார்த்தாயா பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். அவள் இறங்கியதும் எஞ்சின் அடங்கிவிட்டது.

மருமகள் வண்டியின் பக்கத்தில் வந்து நின்றாள். வார்டில் நோயாளியின் கட்டிலருகே நிற்கிற மாதிரி நின்றாள்.

"அத்தை, இன்னொரு தடவை ஏறுங்க."

மூன்று நாள் கழித்து வந்த முதல் முழு வாக்கியம் அது. அதனாலேயே மேடம் ஏறினாள். எஞ்சின் ஆடியது. மருமகள் இறங்கச் சொன்னாள், அடங்கியது. மறுபடி ஏறச் சொன்னாள், ஆடியது. அதே இருக்கையில் தம்பியை உட்காரச் சொன்னாள். சாதுவாக ஓடியது. பாரத்தினால் இருக்குமோ என்று தம்பி தன் பங்குக்கு ஒரு மூட்டைப் பழைய இரும்பைக் கொண்டுவந்து இருக்கையில் வைத்துப் பார்த்தான். இரும்பு மூட்டைக்கும் எஞ்சின் அசையவில்லை.

மேடத்துக்கு உச்சந்தலை கொதித்தது. அக்காவைக் கண்டால் மட்டும் பயந்து நடுங்குகிற வண்டி என்று தம்பி நாளைக்கு நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பான்.

"என்ன ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடறீங்களா?"

"இல்ல அத்தை. வலின்னு வர்றவங்ககிட்ட எங்க வலிக்குதுன்னு மட்டும் கேட்டா பத்தாது. என்ன பண்ணும்போது வலிக்குதுன்னு கேட்கணும். ஏறி உக்காருங்க."

மேடம் நான்காவது முறையாக ஏறினாள். எஞ்சின் வெடவெடத்தது. மருமகள் திறந்திருந்த கதவருகே குனிந்தாள். பார்த்தாள். நிமிரவில்லை.

"உங்க கால்."

மேடம் குனிந்து பார்த்தாள். அவளுடைய கால் இரண்டாவது பிரேக் பெடலின் மேல் இருந்தது. யாரும் வைக்கச் சொல்லவில்லை. அவளும் வைத்ததாக நினைவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த இருக்கையில் உட்கார்ந்ததும் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிற இடம் அது.

எடுக்கச் சொன்னாள் மருமகள். எடுத்தாள். எஞ்சின் சீரானது. வைக்கச் சொன்னாள். நடுங்கியது. இந்த முறை மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டதால் இன்னொன்றும் கேட்டது. டாஷ்போர்டுக்கு அடியில், பெடல் இருக்கிற பக்கத்திலிருந்து, உஸ்ஸென்று காற்று இழுக்கிற சத்தம்.

தம்பி ஓடிப்போய் ஒரு கிளாம்ப்பை எடுத்துவந்தான். எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகிற தடித்த ரப்பர் குழாயை அதனால் இறுக்கிப் பிடித்தான். இப்போது பெடலை அமுக்கச் சொன்னான். மேடம் அமுக்கினாள். எஞ்சின் அசைந்துகொடுக்கவில்லை. கிளாம்ப்பை எடுத்தான், ஆட ஆரம்பித்தது.

"பூஸ்டர்." தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "பிரேக் மிதிக்க நம்ம காலுக்குத் துணை பண்ற டப்பா. எஞ்சின் காத்தை உறிஞ்சுற பலத்துலதான் அது வேலை செய்யும். உள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அது கிழிஞ்சிருக்கு. பெடலைத் தொட்டா கணக்கில்லாத காத்து நேரா எஞ்சினுக்குள்ள போகுது. அவ்வளவு காத்துக்குப் பெட்ரோல் பத்தாம தள்ளாடுது."

காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்த மாத்திரத்தில் அக்காவும் தம்பியும் மறுபடி பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு தடவையாவது பிரேக்கை மிதித்துப் பார்த்தாயா என்று அவள் கேட்டாள். வண்டி நின்றால் ஹேண்ட்பிரேக்கை இழுப்பவன் நான், எதற்கு மிதிக்க வேண்டும் என்று அவன் கேட்டான். உண்மைதான். அக்கா காலை நம்புகிறவள், தம்பி கையை நம்புகிறவன். ஒர்க் ஷாப்பிலும் சரி, ஓட்டிப் பார்க்கப் போகிற காலியான காலைத் தெருவிலும் சரி, அவன் கால் அந்த பெடலில் ஒரு விநாடிக்கு மேல் தங்கியதில்லை. அதனால் அவனுக்கு வண்டி ஆடியதே இல்லை. அவளுக்கு ஆடாத நாளே இல்லை. இரண்டு மாதமாக இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிக்கொண்டே சண்டை போட்டிருக்கிறார்கள்.

"எஞ்சின் ஆடுதுன்னு வந்து கத்தின. பிரேக்ல கால் வெச்சா ஆடுதுன்னு ஒரு தடவை சொன்னியா?"

"கால் அங்க இருக்கறது எனக்கே தெரியாதுடா."

அதைச் சொன்ன பிறகுதான் மேடத்துக்கு மேடு ஞாபகம் வந்தது. மேட்டில் நிற்கும்போது எல்லாருடைய காலும் பிரேக்கில்தான் இருக்கும். எஞ்சின் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் கிளட்ச்சைத் தேவதையே வந்து விட்டாலும் வண்டி அணையத்தான் செய்யும். பதினோரு பேர். அதில் ஒரு தையல்கார அம்மாள் தன் காலில்தான் ஏதோ குறை என்று அழுதுகொண்டே நின்றுவிட்டாள். கால் என்றால் மெஷின் மிதிக்கிற கால் மட்டும்தான் என்று நினைத்தாயா என்று அவளிடம் கேட்டதும் மேடம்தான்.

மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டேகால்.

புது பூஸ்டர் வரவழைக்க இரண்டு நாள் ஆகும் என்றான் தம்பி. மேடத்துக்குப் பதற்றத்தில் ஒரு வழி தோன்றியது. அந்தக் குழாயை அடைத்துவிட்டால் எஞ்சின் ஆடாதே, இப்போதுதானே பார்த்தோம், டெஸ்ட் முடிகிற அரை மணி நேரத்துக்கு அடைத்துவிடு என்றாள்.

"அடைச்சா பிரேக் கல்லு மாதிரி இருக்கும்க்கா."

"இருந்தா என்ன? பலமா மிதிக்கட்டும்."

"நான் ஓட்ட மாட்டேன்," என்றாள் மருமகள்.

மேடம் சீறித் திரும்பினாள். வேலை வேண்டாமா உனக்கு, நான்கு வருடம் எதற்காகக் காத்திருந்தாய், அரை மணி நேரம் காலை அழுத்தி மிதிக்க முடியாதா என்று வாய்க்கு வந்தபடி பொரிந்தாள். மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"வேலை வேணும். ஆனா குறுக்க ஒரு ஆள் வந்தா நிக்காத வண்டியில நான் ஏற மாட்டேன். நீங்க ஏறுவீங்களா?"

பிரேக் மேடத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கேட்க வைத்தது யார்? மேடத்துக்குக் காது மடல் வரை சுட்டது.

தம்பி அதற்குள் கொல்லைப்பக்கம் போயிருந்தான். அங்கே தார்ப்பாய் போர்த்தி நிற்கிற அவனுடைய சொந்தக் காரும் இதே ரகம். வாராவாரம் குளிப்பாட்டி மெழுகு பூசி, மனைவியைக்கூடச் செருப்போடு ஏறவிடாத கார். தார்ப்பாயை ஒரே இழுப்பில் உருவி எறிந்தான். சாமானை எடுத்துவா என்று அக்காவிடம் உறுமினான். அக்கா முதல் முறையாக மறுபேச்சுப் பேசாமல் எடுத்துப்போனாள்.

ஒரு காரில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. பூஸ்டருக்கு முன்னால் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரை, பிரேக் ஆயில் குழாய்கள் வளைந்து ஒடிந்துவிடாமல், அங்குலம் அங்குலமாக விலக்கிப் பிடிக்க வேண்டும். பூஸ்டரைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளோ பெடலுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இருட்டில் இருந்தன. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் போதாக்குறைக்கு இரண்டாவது பெடலை இணைக்கிற கம்பி வேறு குறுக்கே ஓடியது.

அந்தக் கம்பியைப் பற்றி மேடத்துக்குத் தெரிந்த அளவு தம்பிக்குத் தெரியாது. அவளே இருக்கைக்குக் கீழே தலையை விட்டு, முதுகு வலிக்க மல்லாந்து படுத்து அதைக் கழற்றினாள். கண்ணில் துரு விழுந்தது. தம்பி அவளைத் திட்டினான். அவள் தம்பியைத் திட்டினாள். ஸ்பானரைத் தவறவிட்டதற்கு ஒரு திட்டு, டார்ச்சைத் தவறான பக்கம் காட்டியதற்கு ஒரு திட்டு. மருமகளை மட்டும் யாரும் திட்டவில்லை. பெடலையும் பூஸ்டர் தண்டையும் சேர்க்கிற சின்ன ஊசியை மாட்ட இரண்டு தடித்த கைகளாலும் முடியாமல் போனபோது, மருமகள் நுழைந்து, பார்க்காமலேயே விரலால் துழாவி, ஒரே தடவையில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்குத் தம்பி அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பிரேக்கை ஐந்தாறு தடவை மிதிக்கச் சொன்னான். பெடல் இறுகி நின்றது. மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னான். எஞ்சின் பிடித்ததும் பெடல் அவள் காலடியில் மெத்தென்று கொஞ்சம் கீழே இறங்கியது. அது இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"இறங்குது சித்தப்பா."

கணவனின் தாய்மாமனை அவள் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். சித்தப்பா தலையை ஆட்டினான். மிதித்த காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அப்படியே இருக்கச் சொன்னான். ஆர்.பி.எம். முள் எண்ணூறில் நின்றது, நகரவில்லை. உஸ் சத்தமும் இல்லை.

மூன்றரை மணிக்கு மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே மேடம் நின்றாள். உள்ளே பரிசோதகர் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கால் தெரியாது, கை தெரியாது, சத்தம்தான் கேட்கும். வண்டி மேட்டில் ஏறிப் பாதியில் நின்றது. மேடத்துக்கு வேலிக் கம்பி உள்ளங்கையில் குத்தியது. எஞ்சின் அதே சுருதியில் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் உயர்ந்தது. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் மேட்டைத் தாண்டியது.

மேடத்துக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வேலியோரம் நின்ற மாணவர்களைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை இருந்த அதே முகங்கள்தான் பாதி. இவள் தோற்றது இவள் தப்பில்லை, வண்டியில் ஒரு ரப்பர் கிழிந்திருந்தது, எல்லாம் அதனால் வந்த வினை என்று உரக்கச் சொன்னாள். தோற்ற மற்ற பத்துப் பேருக்கும் தானே போன் செய்து சொல்லப்போவதாகவும் சொன்னாள். பெரிய மனது பண்ணிவிட்ட திருப்தி அவள் குரலில் இருந்தது. கையில் லைசென்ஸ் தாளோடு வந்த மருமகள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டாள்.

திரும்பும்போது மருமகள்தான் ஓட்டினாள். வழியில் மேடம் நிறையப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மகன் வரும்போது ஸ்டேஷனுக்கு நீயே காரில் போய்க் கூட்டிவா என்றாள். மருமகள் ஒரு மரத்தடியில் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"அத்தை, ஒண்ணு கேட்கணும்."

"கேளு."

"மேட்டுல வண்டி நின்னது ரப்பர் கிழிஞ்சதால. சரி. உன் கையில எவன் உயிரைக் கொடுப்பான்னு கேட்டீங்களே, அது எது கிழிஞ்சதால?"

அது ஏதோ கோபத்தில் வந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று மேடம் மழுப்பினாள். தன் வாய் அப்படி, ஊருக்கே தெரியுமே என்றாள்.

"உங்களுக்குக் கோபம் தினமும் வருது. இன்னைக்குக் காலைல இருந்து எத்தனை தடவை வந்துச்சு. சித்தப்பாவைத் திட்டினீங்க, என்னைத் திட்டினீங்க. மேட்டுல தோத்த மத்த பத்துப் பேரையும் திட்டினீங்க. உயிருன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. என்கிட்ட மட்டும்தான் சொன்னீங்க."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூணு நாளா அதைத்தான் யோசிச்சேன்," என்றாள் மருமகள். "மாமா ஆஸ்பத்திரியில இறந்துபோனாரே, அன்னைக்கு அந்த வார்டுல நான்தான் டூட்டி. ரெண்டு வருஷமா என் கையால சாப்பிடறீங்க, என் கையால மாத்திரை வாங்கிப் போடறீங்க. மனசுக்குள்ள அவர் போனதுக்கு நான்தான் காரணம்னு வெச்சிருக்கீங்களா?"

சே, என்ன பேச்சு இது என்று சொல்ல மேடத்துக்கு ஒரு விநாடி போதும். நாக்கு நுனிவரை வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தயங்காத வாய் அது.

மருமகள் காத்திருந்தாள். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு லைசென்ஸைக் காட்டும்போது எந்த ஊர்ல வேலை வேணும்னு கேட்பாங்க. இங்க ஒண்ணு இருக்கு. மலைப்பக்கம் ஒண்ணு இருக்கு, அங்க வீடும் தர்றாங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை, நான் இங்கன்னு எழுதறேன்."

மேடம் சொல்லவில்லை.